இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் மீளும் இரட்டையர் மேசைப்பந்து

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2028ஆம் ஆண்டு நடைபெறவுள்ள ஒலிம்பிக் விளையாட்டு விழாவுக்கான போட்டி நிகழ்ச்சிகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிறைவேற்றுச் சபை 2025 ஏப்ரலில் அங்கீகரித்தது. கிரிக்கெட்டில் ஆடவர், மகளிர் ஆகிய இரு பிரிவுகளிலும் தலா ஆறு அணிகளுக்கே இடம் என்ற செய்தியே தெற்காசிய ஊடகங்களின் முழுக் கவனத்தையும் ஈர்த்துக்கொண்டது. எந்த ஆறு அணிகள், இலங்கைக்கு வாய்ப்புக் கிட்டுமா என்ற விவாதத்தின் இரைச்சலில், அதே அறிவிப்பில் இருந்த மற்றொரு தீர்மானம் எமது பிராந்தியத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. 2004 ஏதென்ஸ் விழாவுடன் கைவிடப்பட்ட ஆடவர் இரட்டையர், மகளிர் இரட்டையர் மேசைப்பந்தாட்டப் போட்டிகள் லொஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் இடம்பெறுகின்றன. கலப்புக் குழுநிலை என்ற புதிய போட்டியும் சேர்க்கப்பட்டுள்ளது. இவற்றுக்கு இடமளிக்கும் பொருட்டு, 2008 முதல் நடைபெற்றுவந்த ஆடவர் குழுநிலையும் மகளிர் குழுநிலையும் நீக்கப்பட்டுள்ளன.

விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடக்கூடிய செய்தியாகவே இது தோன்றும். ஆயினும், பெரும் விளையாட்டு விழாக்களில் எந்தப் போட்டி இருக்கவேண்டும், எது வெளியேறவேண்டும் என்பதை யார், எந்த நோக்கில் தீர்மானிக்கிறார்கள் என்பதையும், அத்தீர்மானங்களினால் சிறிய நாடுகளின் இளைஞர்கள் எதனைப் பெறுகிறார்கள், எதனை இழக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ள இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மேசைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1988 சியோல் விழாவில் ஆகும். அன்று தொடக்கம் 2004 வரை ஐந்து விழாக்களில் ஆடவர் இரட்டையர் போட்டி நடைபெற்றது. ஐந்திலும் தங்கம் சீனாவுக்கே. சியோலில் சென் லொங்கான் - வெய் சிங்குவாங், பார்சிலோனாவில் லூ லின் - வாங் தாவோ, அட்லாண்டாவில் கொங் லிங்ஹூய் - லியூ குவோலியாங், சிட்னியில் வாங் லிச்சின் - யான் சென், ஏதென்ஸில் சென் சீ - மா லின் என அப்பட்டியல் நீள்கிறது. 1996, 2000 ஆகிய இரு விழாக்களின் இறுதிப் போட்டிகளில் இரு பக்கங்களிலும் சீன இணைகளே நின்றன. 2008 பீஜிங் விழாவில் இரட்டையர் போட்டிகள் நீக்கப்பட்டு அவற்றின் இடத்தில் குழுநிலைப் போட்டிகள் கொண்டுவரப்பட்டன. ஒரு விளையாட்டுக்கு இத்தனை பதக்க நிகழ்ச்சிகள்தான் என்ற வரம்பை ஒலிம்பிக் குழு இறுக்கமாகப் பேணிவந்ததால், நான்கு நிகழ்ச்சிகள் என்ற எண்ணிக்கை மாறாமல் ஒன்று வருவதற்காக மற்றொன்று போகவேண்டியிருந்தது. டோக்கியோவில் கலப்பு இரட்டையர் சேர்ந்தபோது அது ஐந்தானது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஆறாகின்றது.

இந்த மாற்றத்தினால் சீனாவின் ஆதிக்கம் தளர்ந்ததா எனில், இல்லை. 2008 முதல் 2024 வரையான ஐந்து ஆடவர் குழுநிலைத் தங்கங்களும் சீனாவுக்கே சென்றன. ஆக, பழைய போட்டியின் ஐந்து, புதிய போட்டியின் ஐந்து என்று பத்துத் தங்கங்களும் ஒரே நாட்டின் கையில். எனவே தங்கத்தை விடுத்து ஏனைய பதக்கங்களைப் பார்ப்பதே பொருத்தமானது. இரட்டையர் போட்டியில் சீனாவுக்கு அப்பால் யூகோஸ்லாவியா, தென் கொரியா, ஜேர்மனி, பிரான்ஸ், ஹொங்கொங், டென்மார்க் ஆகியன பதக்கம் பெற்றன. குழுநிலையில் ஜேர்மனி, தென் கொரியா, ஜப்பான், சுவீடன், பிரான்ஸ் ஆகியன பெற்றன. எண்ணிக்கையில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே இரட்டையர் போட்டி சிறிய நாடுகளின் சொர்க்கமாக இருந்தது என்று எவரேனும் வாதிட்டால் அது மிகைப்படுத்தலே.

ஆயினும் அப்பட்டியல்களில் இடம்பெற்ற நாடுகள் எவை என்பதைக் கவனிக்க வேண்டும். குழுநிலைப் பட்டியலில் உள்ளவை பல தசாப்தங்களாக வலுவான உள்ளூர் லீக் போட்டிகளையோ பெரும் பயிற்சிக் கட்டமைப்பையோ வைத்திருக்கும் நாடுகள். இரட்டையர் பட்டியலிலோ டென்மார்க் இருக்கிறது. ஏதென்ஸில் மைக்கல் மாஸ் - ஃபின் டக்வெல் இணை பெற்ற வெண்கலமே ஒலிம்பிக் மேசைப்பந்தாட்டத்தில் அந்நாட்டுக்குக் கிடைத்த ஒரேயொரு பதக்கம். மூன்றாவது உலகத்தர வீரர் ஒருவரைத் தேடும் நிலையில் உள்ள நாடு குழுநிலையில் பதக்க மேடையை நெருங்க முடியாது. இருவர் இருந்தால் இரட்டையரில் நெருங்கலாம். அதே ஏதென்ஸில் கோ லாய் சாக் - லி சிங் இணை வென்ற வெள்ளியே அவ்விழாவில் ஹொங்கொங் பெற்ற ஒரே பதக்கமாகும். அவ்விருவரும் சீனப் பெருநிலத்தில் பிறந்தவர்கள் என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். சீனாவில் தேசிய அணியில் இடம் கிட்டாத திறமைசாலிகள் வேறு கொடிகளின் கீழ் ஆடுவது இவ்விளையாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இரட்டையர் போட்டி மீள்வதால் அப்போக்குக் குறையும் என நாம் எதிர்பார்க்கவில்லை. கூடினாலும் வியப்பில்லை.

1988இல் வெள்ளி வென்ற யூகோஸ்லாவிய இணையைப் பற்றியும் ஓரிரு வார்த்தைகள். இலியா லுபுலெஸ்கு, சொரான் பிரிமொராட்ஸ் என்ற இருவரும் ஒரே கொடியின் கீழ், ஒரே மேசையில் தோளோடு தோள் நின்று ஆடிய நான்கு ஆண்டுகளுக்குள் அந்நாடே இல்லாது போயிற்று. பிரிமொராட்ஸ் குரோஷியாவுக்காக 2012 வரை ஒலிம்பிக்கில் ஆடினார். லுபுலெஸ்கு 2004இல் அமெரிக்காவுக்காக ஆடினார். இனப்போர் ஒன்று ஒரு நாட்டை எத்தனை துண்டுகளாக்கும் என்பதை அரசியல் வரைபடங்களில் மட்டுமன்றி இத்தகைய இணைகளின் கதைகளிலும் காணலாம்.

இனி, இரட்டையர் ஆட்டம் தனிநபர் ஆட்டத்தின் இரு மடங்கு என்று எண்ணுவோருக்காகச் சில விளக்கங்கள் அவசியமாகின்றன. டென்னிஸிலும் பட்மிண்டனிலும் இணையில் எவருக்குப் பந்து வசதியாக வருகிறதோ அவர் அடிக்கலாம். மேசைப்பந்தில் அது தவறு. இணையின் இருவரும் மாறி மாறியே அடிக்க வேண்டும். மேசையின் அகலம் 1.525 மீற்றர் மாத்திரமே. அந்த அகலத்துக்குள் ஒருவர் அடித்தவுடன் விலகி, மற்றவர் வந்து நின்று, அடித்து, அவரும் விலக வேண்டும். இவை யாவும் ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் நிகழ்கின்றன. சேர்விஸ் போடும்போது பந்து தமது பக்கத்தின் வலது பாதியிலிருந்து எதிராளியின் வலது பாதிக்கு மூலைவிட்டமாகவே செல்லவேண்டும். ஆகவே பந்து எங்கு வரும் என்பது எதிராளிக்கு முன்கூட்டியே பெரும்பாலும் தெரியும். தனிநபர் ஆட்டத்தில் மேசை முழுவதையும் பயன்படுத்திச் சேர்விஸினால் புள்ளி பறிக்கும் வீரரின் பாதி ஆயுதம் இங்கு பறிபோகிறது.

இதனால்தான் இடக்கை வீரர் ஒருவரும் வலக்கை வீரர் ஒருவரும் சேர்ந்த இணைக்கு இத்தனை மதிப்பு. அடித்தபின் இருவரும் தத்தம் பக்கத்துக்கே விலகிக்கொள்ளலாம், ஒருவர் வழியை மற்றவர் மறிக்க வேண்டியதில்லை. வலது பாதிக்கு வரும் சேர்விஸை இடக்கை வீரர் தமது முன்கை வீச்சினாலேயே தாக்கலாம். சீனா வென்ற ஐந்து தங்கங்களில் நான்கு இத்தகைய இணைகளுக்கு உரியவை. அட்லாண்டாவின் கொங் - லியூ இணை மட்டும் விதிவிலக்கு. இருவரும் வலக்கையினரே, ஆனால் ஒருவர் கைகுலுக்கும் பாணியிலும் மற்றவர் பேனா பிடிக்கும் பாணியிலும் மட்டையைப் பிடித்தவர்கள். அங்கும் பயன்பட்டது வேற்றுமையே.

இவ்வாட்டம் தனியொரு கலை என்பதற்கு 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவைவிடச் சிறந்த சான்றை நாம் அறியோம். ஆடவர் இரட்டையர் இறுதிப் போட்டியில் இந்தியாவின் சரத் கமால் - சத்தியன் இணை, இங்கிலாந்தின் போல் டிரிங்ஹோல் - லியம் பிட்ச்ஃபோர்ட் இணையிடம் 3-2 என்ற செற் கணக்கில் தோல்வியடைந்தது. மறுநாள் நடந்த தனிநபர் போட்டிகளில் அதே நால்வரும் மீண்டும் மோதினர். தங்கத்துக்கான ஆட்டத்தில் சரத் கமால் பிட்ச்ஃபோர்டை 4-1 என வென்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சத்தியன் டிரிங்ஹோலை 4-3 என வென்றார். தனித்தனியே எதிர்கொண்டபோது இருவரையும் வெல்லக்கூடிய இருவர், சேர்ந்து நின்றபோது அவர்களிடம் தோற்றார்கள். அதற்கு முந்திய 2018 கோல்ட்கோஸ்ட் விழாவின் இறுதியிலும் இதே இங்கிலாந்து இணையிடமே இவர்கள் தோற்றிருந்தனர். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடும் இருவருக்கிடையே உருவாகும் புரிந்துணர்வை எந்தத் தரவரிசைப் பட்டியலாலும் அளவிட முடிவதில்லை.

சரத் கமாலும் சத்தியனும் சென்னையைச் சேர்ந்தவர்கள் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. பலர் அறியாதது, பொதுநலவாய ஆடவர் இரட்டையர் இறுதியில் சரத் கமால் தொடர்ந்து நான்கு விழாக்களில் ஆடியிருக்கிறார் என்பதாகும். 2010 டில்லியில் சுபஜித் சாஹாவுடன் தங்கம். 2014 கிளாஸ்கோவில் சென்னையின் இன்னொரு வீரரான அந்தோனி அமல்ராஜுடன் வெள்ளி. அதன்பின் சத்தியனுடன் இரு வெள்ளிகள். இணை மாறியது, எதிராளி மாறினார், அவர் மட்டும் அங்கேயே நின்றார். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த போட்டியுடன் அவர் ஓய்வுபெற்றார்.

அத்தகைய ஒருவரை உருவாக்கிய பொதுநலவாய மேடைக்கு நேர்ந்தது என்ன? 2002 மன்செஸ்டர் விழாவில் அறிமுகமான மேசைப்பந்தாட்டம் அதன்பின் பர்மிங்ஹாம் வரை ஒரு விழாவிலும் தவறியதில்லை. 2026 விழாவை நடத்த ஒப்புக்கொண்டிருந்த அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டுமீறியதாகக் கூறி 2023 ஜூலையில் பின்வாங்கியது. பொறுப்பேற்ற கிளாஸ்கோ, விழாவைப் பத்து விளையாட்டுகளுக்குச் சுருக்கியது. மேசைப்பந்து, பட்மிண்டன், ஹொக்கி, கிரிக்கெட், மல்யுத்தம், ஸ்குவொஷ் யாவும் நீக்கப்பட்டன. விழா ஒன்று முற்றாக நின்றுபோவதைவிடச் சுருங்கி நடப்பது மேல் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நீக்கப்பட்டவற்றை மறுபடி பாருங்கள். ஆசிய அங்கத்துவ நாடுகள் பதக்கம் பெறும் விளையாட்டுகளே அவற்றுள் பெரும்பாலானவை. 2022இல் இலங்கை பெற்ற நான்கு பதக்கங்களில் ஒன்று மல்யுத்தத்தில் கிடைத்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. செலவைக் குறைக்கும் கத்தரிக்கோல் எப்போதும் ஒரே பக்கமாக வெட்டுவது தற்செயலாக நிகழ்வதாக எமக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் மேசைப்பந்துக்கு வேண்டியது ஒரு மண்டபமும் சில மேசைகளும்தான். சைக்கிளோட்டத்துக்கான உள்ளக ஓடுபாதையுடன் ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்? அந்த ஓடுபாதை கிளாஸ்கோவில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது என்பதே அதற்குக் கிடைத்த பதில். வசதியுள்ளவரிடம் ஏற்கெனவே இருப்பதுதான் விழாவாகிறது.

ஆசிய விளையாட்டு விழாவிலும் நிலைமை சீராக இருந்ததில்லை. 2018 ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் இரட்டையர் போட்டிகள் இடம்பெறவில்லை. 2023இல் நடந்த ஹாங்சோ விழாவில் அவை இருந்தன. ஆடவர் தங்கம் சீனாவின் ஃபான் சென்டொங் - வாங் சூச்சின் இணைக்குச் சென்றது எதிர்பார்க்கப்பட்டதே. மகளிர் பிரிவில் நடந்ததோ எவரும் எதிர்பாராதது. மேற்கு வங்கத்தின் நைஹாட்டி என்ற சிறு நகரைச் சேர்ந்த சுதீர்த்தா முகர்ஜி - அய்ஹிகா முகர்ஜி இணை, அவ்வாண்டின் உலகச் சம்பியன்களான சென் மெங் - வாங் யிடி இணையைச் சீன மண்ணிலேயே காலிறுதியில் வீழ்த்தி வெண்கலம் பெற்றது. தனிநபர் போட்டியிலோ குழுநிலையிலோ இத்தகைய வெற்றியை அவ்விருவரும் பெற்றிருப்பார்கள் என்று சொல்வது கடினம். ஒரே ஊரில், ஒரே பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து வளர்ந்த இருவருக்கு இரட்டையர் போட்டி தரும் வாய்ப்பு அது. ஜகார்த்தாவின் நிகழ்ச்சி நிரலே ஹாங்சோவிலும் தொடர்ந்திருந்தால் அப்பதக்கம் இல்லை.

ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையரும் இதனையே காட்டுகிறது. ஒரு நாட்டுக்கு ஓர் இணை என்ற விதியுடன் நடந்த அப்போட்டியில், டோக்கியோவில் ஜப்பானின் மிசுதானி - இட்டோ இணை சீனாவை வென்று தமது நாட்டுக்கு மேசைப்பந்தில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுக்கொடுத்தது. பாரிஸில் வட கொரியா வெள்ளியும் தென் கொரியா வெண்கலமும் பெற்றன. வடக்கும் தெற்கும் சீனாவும் பதக்க மேடையில் ஒரே கைத்தொலைபேசியில் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை உலகமே பார்த்தது. ஒரு நாட்டுக்கு ஓர் இணை என்ற வரம்பு எத்துணை முக்கியமானது என்பதற்கு, அது இல்லாதபோது அட்லாண்டாவிலும் சிட்னியிலும் நடந்த சீன - சீன இறுதிப் போட்டிகளே சாட்சி.

குழுநிலை நீக்கப்பட்டதால் இழப்பும் உண்டு. பாரிஸில் இந்தியாவின் ஆடவர், மகளிர் அணிகள் முதன்முறையாகக் குழுநிலைக்குத் தகுதி பெற்றன. மகளிர் அணி காலிறுதிவரை சென்றது. பல ஆண்டு உழைப்பில் கிடைத்த அந்த இடம் அடுத்த விழாவிலேயே இல்லை. எனினும் குழுநிலைக்குத் தகுதி பெறும் நாட்டுக்குத் தனிநபர் போட்டியிலும் இரு இடங்கள் தாமாகவே கிடைத்துவந்தன என்பதையும் மறக்கலாகாது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் அந்த ஏற்பாட்டில் பதினாறு அணிகளுக்கு வெளியே நின்ற நாடுகளுக்கு எஞ்சியது சொற்பமே. புதிய கலப்புக் குழுநிலையோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது. ஆண்களுக்கு நிகராகப் பெண் வீராங்கனைகளை வளர்க்காத நாடு அப்போட்டியில் நிற்கவே முடியாது. பாடசாலையை விட்டதும் பெண் பிள்ளையின் விளையாட்டும் முடிந்தது என்று கருதும் சமூகங்கள், எமது இரு சமூகங்களும் உட்பட, அதற்கு விடை தேடவேண்டியிருக்கும்.

இலங்கையைப் பொறுத்தவரை, ஒலிம்பிக்கில் இரட்டையர் பதக்கம் என்று பேசுவது இன்றைய நிலையில் பகற்கனவு. அவ்வாறு பேசி வாசகர்களை மகிழ்விக்க நாம் விரும்பவில்லை. ஆனால் 2030இல் அகமதாபாத்தில் நடைபெறவுள்ள பொதுநலவாய விழாவின் பட்டியலில் மேசைப்பந்து மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது. தெற்காசியப் போட்டிகளும் உள்ளன. அவற்றை இலக்காகக் கொண்டு இரட்டையர் இணைகளைக் கட்டியெழுப்புவது கைக்கெட்டாத காரியமல்ல. தனிநபர் தரவரிசையின் முதலிரு வீரர்களைப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒன்றாக நிறுத்துவதால் இணை உருவாகிவிடாது என்பதைப் பர்மிங்ஹாம் உணர்த்தியிருக்கிறது. பதினைந்து வயதுக்குட்பட்டோர் மட்டத்திலேயே இடக்கை வீரர்களைத் தேடிக் கண்டறிந்து, பொருத்தமான துணையுடன் சேர்த்து, பல ஆண்டுகள் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். தனிநபர் போட்டியில் நாட்டின் எட்டாவது இடத்தில் உள்ள ஓர் இடக்கை வீரர் இரட்டையரில் முதல் தெரிவாக இருக்கக்கூடும். எமது தெரிவுமுறை அவரைக் கண்டுகொள்ளுமா?

வடக்கு, கிழக்கு, மலையகப் பாடசாலைகள் பலவற்றில் மேசை ஒன்று இருப்பதே பெரிது. யுத்தகாலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலை மண்டபங்கள் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாக இருந்தன. அக்காலத்தில் ஒரு தலைமுறையே உள்ளக விளையாட்டு என்பதை அறியாமல் வளர்ந்தது. ஒரு மேசையில் தனிநபர் ஆட்டம் ஆடினால் ஒரே நேரத்தில் இருவருக்குப் பயிற்சி. இரட்டையர் ஆடினால் நால்வருக்கு. பயிற்றுநரும் மேசையும் பற்றாக்குறையாக உள்ள இடத்தில் இது சிறிய விடயமன்று. மாகாண மட்டப் பாடசாலைப் போட்டிகளில் இரட்டையர் ஆட்டத்துக்குத் தனியான இடமும் சான்றிதழும் வழங்கப்படுமாயின், அதற்கு விளையாட்டுத்துறை அமைச்சுக்கோ கல்வி அமைச்சுக்கோ புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. அடுத்த ஆண்டுக்கான போட்டி அட்டவணை தயாரிக்கப்படும்போது ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.